அரைநிழலுக்கு எந்த ரோசா?

ஆசிரியர் அவர்கட்கு,

வீட்டுத்தோட்டம் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் ரோசாவுக்கு எப்போதும் ஒரே வரிதான் கிடைக்கிறது: "ஆறு மணித்தியால வெயில் வேண்டும், அரைநிழலிலும் வளரும்." இந்த வரியை நம்பி மாமரத்துக்குக் கீழேயும் மதிலின் வடக்குப் பக்கத்திலும் கன்று நட்டவர்கள் ஏராளம். நட்ட கன்று சாவதில்லை. மெலிந்த தடியாக நெட்டையாய் இழுபட்டு, வருடத்துக்கு இரண்டு மூன்று பூவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு "எங்கட மண்ணுக்கு ரோசா சரிவராது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். மண்ணிலும் சிக்கல் உண்டு, அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால் பெரும்பாலான பிழை, நிழலை அளக்காமல் நட்டதிலும் இடத்துக்குப் பொருந்தாத இனத்தை வாங்கியதிலுமே இருக்கிறது. வளவுகள் துண்டுபட்டு, மதில்களும் மேல்மாடிகளும் எழும்பி, நாள் முழுக்க வெயில் விழும் முற்றம் அருகிவரும் காலம் இது. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரைநிழல் பற்றிய ஆலோசனைகளில் பல, குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் இருந்து வந்தவை. லண்டனில் ஆனி மாத நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய 62 பாகை உயரத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும் மார்கழியிலேயே நடுப்பகல் உயரம் ஏறக்குறைய 57 பாகை. அவர்களுடைய உச்சக் கோடைக்கும் நம்முடைய மார்கழிக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். எனவே அங்கே ஆறு மணித்தியாலம் கேட்கும் செடிக்கு இங்கே தடையில்லாத காலை வெயில் நாலு மணித்தியாலம் கிடைத்தாலே போதும் என்பது என் கருத்து. பற்றையாக வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும் இனங்களுக்குத்தான் இது பொருந்தும். தடிக்கு ஒரு பெரிய பூ பூக்கும் இனங்களுக்கு இந்தக் கணக்குச் செல்லாது.

அடுத்தது, நம் நிழல் இடம் மாறுகிறது. சித்திரை மாதம் பிறந்ததும் "இன்று சூரியன் உச்சங் கொடுக்கும் இடங்கள்" என்று பத்திரிகைகளில் செய்தி வரும். நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் அந்த நாள் யாழ்ப்பாணத்துக்குச் சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலும், திரும்ப ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற ஏழரை மாதமும் நிழல் வடக்கே விழும். ஆறடி மதிலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி நடுப்பகலில் அதன் நிழல் வடக்குப் பக்கம் ஏறக்குறைய நாலடிக்கு நீளும். ஆனியில் தெற்குப் பக்கம் ஒன்றரை அடிக்கு மேல் போகாது. இருபதடி உயர மேல்மாடி வீடானால் மார்கழியில் வடக்கே பதின்மூன்று அடி, ஆனியில் தெற்கே ஐந்தடி. வைகாசியில் வெயிலைப் பார்த்து வடக்குச் சுவரோரம் நட்ட ரோசா, கார்த்திகை மழையோடு முழு நிழலுக்குள் போய்விடுவதற்கு இதுவே காரணம். ஈரமும் நிழலும் ஒன்றாகச் சேரும் அந்த மூன்று மாதத்தில்தான் இலைகள் கொட்டுகின்றன.

ஆகவே இடம் பார்ப்பதற்கு ஏற்ற மாதம் மார்கழி. தை தொடக்கமும் பரவாயில்லை. மப்பில்லாத ஒரு நாளில், நட நினைக்கும் இடத்தில் ஒரு தடியை ஊன்றி, காலை ஏழு மணி தொடக்கம் மணித்தியாலத்துக்கு ஒருதரம் போய்ப் பாருங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை நிலத்தில் வைத்து ஓரடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து, ஓரம் கூர்மையாக நிழல் விழுந்தால் அது நேர் வெயில். கையின் வடிவம் தெரிந்தும் ஓரம் கலங்கினால் சல்லடை நிழல். நிழலே விழாவிட்டால் அந்த இடத்தைக் குரோட்டனுக்கு விட்டுவிடுங்கள். நேர் வெயில் எத்தனை தரம் பதிவானது என்று எண்ணுங்கள். பதினொரு மணிக்கு முன் கிடைப்பது முழுக் கணக்கு. மூன்று மணிக்குப் பின் கிடைப்பதை அரைக் கணக்காகவே எடுக்கலாம். காலை வெயில் இலையில் தங்கிய பனியையும் மழை ஈரத்தையும் எட்டரை, ஒன்பது மணிக்குள் உலர்த்திவிடும். மேற்குப் பார்த்த இடத்தில் இலை பத்து மணி தாண்டியும் ஈரமாகவே இருக்கும், பின்னேரம் மதிற்சுவரின் கொதி வேறு. கிழக்குப் பார்த்த நாலு மணித்தியாலம், மேற்குப் பார்த்த ஆறு மணித்தியாலத்தை விட மேலானது. பங்குனி தொடக்கம் புரட்டாதி வரையான வெயிலில், மத்தியானத்துக்குப் பிந்திய நிழல் பூவுக்கு நன்மையும் செய்கிறது. இதழ் ஓரம் கருகாது, பூ இரண்டு நாள் கூட நிற்கும்.

மரநிழல் எல்லாம் ஒன்றல்ல. முருங்கையின் கீழ் விழுவது நல்ல சல்லடை நிழல். உயர்ந்த தென்னையும் அப்படியே, ஆனால் அடியில் வேர் பாய் விரித்த மாதிரி இருப்பதால் மரத்தில் இருந்து ஆறடியாவது தள்ளி நட வேண்டும். வேம்பு நடுத்தரம். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து வெளிச்சம் விடும், கீழ்க் கிளைகளைப் பத்தடி வரை கழித்துவிட்டால் அதன் கிழக்கு ஓரத்தில் ரோசா வைக்கலாம். ரோசாவுக்காக வேம்பைத் தறிக்க வேண்டியதில்லை. மாவும் பலாவும் வேறு கதை. அவற்றின் கீழ் ரோசா வைப்பது வீண், அவற்றின் கவிகை முடியும் இடத்துக்கு வெளியேதான் நட வேண்டும்.

இனி இனங்களுக்கு வருவோம். மலைநாட்டில் இருந்து வந்து நம் நாற்றுமேடைகளில் விற்பனையாகும் ரோசாக்களில் பெரும்பாலானவை நீண்ட தடியில் ஒற்றைப் பெரிய பூ பூப்பவை. பொலித்தீன் பையில் ஒரு பூவோடு நிற்கும்போது அழகில் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அப்படி ஒரு பூவைக் கட்டி எழுப்ப ஒரு தடிக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போதாதபோது தளிர் நீண்டு வந்து, நுனியில் மொட்டே இல்லாமல் இரண்டு சின்ன இலையோடு முடிந்துவிடும். நிழலில் நிற்கும் ஒட்டு ரோசாவை உற்றுப் பாருங்கள், பத்துத் தளிரில் ஆறேழு இப்படி மொட்டில்லாத மலட்டுத் தளிராகவே இருக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடியிருப்பது அடுத்த அடையாளம்.

இதழ் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பது இதழ் நெருக்கிய பூ விரிவதற்குச் சூடும் உலர்ந்த காற்றும் தேவை. கார்த்திகையில் நிழலில் நிற்கும் அத்தகைய மொட்டு, வெளியிதழ்கள் நனைந்து கடதாசி போல் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே பூ இருந்தும் விரிய முடியாமல் மண்ணிறமாகி அழுகும். விரலால் அந்த வெளியிதழை மெதுவாகப் பிரித்தால் உள்ளே நிறம் கெடாத பூ சுருண்டு கிடப்பதைக் காணலாம். ஐந்து தொடக்கம் இருபத்தைந்து இதழ் வரை உள்ள சிறு பூக்களுக்கு இந்தச் சங்கடம் வருவது குறைவு. ஆகவே அரைநிழலுக்குப் பார்க்க வேண்டியவை: சிறு பூ, குறைந்த இதழ், கொத்துப் பூப்பு, அடியில் இருந்தே பல தடி விடும் பற்றை வளர்ச்சி, மினுக்கமான தடித்த இலை. நிறத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் நிழலில் எடுத்துக்காட்டும். கடுஞ்சிவப்பு நிழலோடு நிழலாகிப் போகும்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பவை சீன ரோசாக்கள். ஐரோப்பாவின் பழைய ரோசாக்களிற் பெரும்பாலானவை வருடத்தில் ஒரு பருவம் பூத்து ஓய்ந்தவை. விட்டுவிட்டு வருடம் முழுக்கப் பூக்கும் குணம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே போய்ச் சேர்ந்த சீனச் செடிகளால் வந்தது. அவற்றில் ஒன்றான 'ஓல்ட் பிளஷ்' நம் வெப்பத்துக்கும் அரைநிழலுக்கும் மிகப் பொருத்தமானது. மூன்று, நாலடிப் பற்றை, இளஞ்சிவப்புக் கொத்து, தடி நட்டால் இலகுவில் வேர் விடும். 'மியூட்டாபிலிஸ்' என்பது ஐந்தே இதழ் கொண்டது. மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, செம்மையாக முடியும், ஒரே பற்றையில் மூன்று நிறமும் தெரியும். அதற்கு ஐந்தடி இடம் விட வேண்டும், சிறு வளவுக்கு அது பெரிது.

சிறு இடத்துக்கு 1881 இல் பிரான்சில் வெளிவந்த 'செசில் புரூனர்', 1932 இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'த ஃபெயரி' இரண்டும் நல்லவை. முதலாவதில் முள் மிகக் குறைவு, பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்துக்கு அது ஒரு வசதி. இரண்டாவது இரண்டு, இரண்டரை அடியில் படர்ந்து நிற்கும். பட்டன் ரோசா என்று நாம் அழைக்கும் சின்னக் கொத்து ரோசாக்கள் பலவும் இந்த வழியில் வந்த குணம் கொண்டவையே. பெயர் தெரியாவிட்டாலும் துணிந்து வாங்கலாம். வெள்ளை வேண்டுமானால் 1958 இல் ஜேர்மனியில் வெளிவந்த 'ஐஸ்பேர்க்'. உலகின் வெப்பமான ஊர்கள் பலவற்றில் மதிலோரங்களில் நிற்பது இதுதான். காலை வெயில் மட்டும் உள்ள இடத்திலும் தாராளமாகப் பூக்கும், ஆனால் மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் பிடிக்கும் என்பதை அறிந்துகொண்டே வாங்க வேண்டும். கரும்புள்ளியைத் தாங்கும் ரோசாவாகப் பெயர் எடுத்தது 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'நொக் அவுட்'. மணம் எதிர்பார்க்காதீர்கள். நிழலில் பூ குறையும், இலை நிற்கும்.

'பெனலப்பி', 'பலரீனா' முதலிய கலப்புக் கஸ்தூரி ரோசாக்களை நிழலுக்குச் சிறந்தவை என்று ஆங்கில நூல்கள் புகழ்கின்றன. குணம் உண்மைதான், ஆனால் இங்கே அவை ஐந்தாறடிக்கு வளைந்து பரவும். மூன்றடிப் பாத்தியில் நட்டுவிட்டு ஒவ்வொரு மாதமும் வெட்டினால் பூக்கும் தடியைத்தான் வெட்டுவீர்கள். நம் வளவுகளில் பன்னீர் ரோசா என்று நிற்கும் மணமுள்ள இளஞ்சிவப்பு ரோசாவை நான் அரைநிழலுக்குச் சொல்லமாட்டேன். ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைந்தால் வெண்சாம்பல் நோய் தளிரை மூடிவிடும். வளவில் உள்ள நல்ல வெயில் இடத்தை அதற்குக் கொடுங்கள், அந்த மணத்துக்கு அது தகும்.

ஒட்டுக்கன்றா, தடியில் இருந்து வந்த கன்றா என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் மற்ற இடங்களை விட முக்கியமானது. நம் அடிநிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரும் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வருகிறது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதன் சாட்சி. ஒட்டுக்கட்டைகளாகப் பயன்படும் காட்டு ரோசாக்களில் சில, குறிப்பாக மல்டிபுளோரா இனம், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். சீன ரோசாவையும் பட்டன் ரோசாவையும் சொந்த வேரிலேயே வளர்க்கலாம். கறையான் அரித்தோ நுனி கருகியோ மேற்பகுதி போனாலும் அடியில் இருந்து அதே இனம் திரும்ப வெடிக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், பூத்து முடிந்த, பென்சில் பருமன் உள்ள தடியை ஏழெட்டு அங்குலத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, பாதி ஆற்றுமணலும் பாதி ஊறிய தும்புத்தூளும் கலந்த சாடியில் இரண்டு கணு புதைய நட்டு நிழலில் வையுங்கள். ஐந்தாறு கிழமையில் வேர் பிடிக்கும். தளிர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். தடியில் இருந்த சேமிப்பிலேயே முதல் தளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான்.

ஒட்டுக்கன்று வாங்கினால் இரண்டு விடயம். மலைநாட்டுக் களிமண் கட்டியோடு வரும் கன்றை அப்படியே புதைத்தால் நாம் ஊற்றும் தண்ணீர் சுற்றுமண்ணுக்குள் போகும், கட்டிக்குள் போகாது. நடுவதற்கு முன் பையோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வைத்து, வெளிவேர்களைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒட்டுக் கணு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வரும் தளிர் காட்டு ரோசா. கத்தியால் வெட்டினால் அடிமொட்டு இருந்து திரும்ப வரும், மண்ணை விலக்கி அடியோடு கிழித்து எடுக்க வேண்டும்.

நடுவதற்கு ஏற்ற காலம் தை. கடும் மழை ஓய்ந்து, வாடைக் குளிர் இருக்கும்போது வேர் ஓடிவிட்டால் சித்திரை வெயிலைக் கன்று தாங்கும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மதிலில் இருந்து மூன்றடி தள்ளியே வெட்டுங்கள். மதிலோரம் தோண்டினால் சீமெந்துக் கட்டியும் சாந்தும் வரும், அவ்வளவும் சுண்ணாம்பு. அந்த மண்ணை எறிந்துவிட்டு வேறு செம்மண் போடுவதே நல்லது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு இலைமக்கு, நூறு தொடக்கம் நூற்றைம்பது கிராம் வேப்பம் புண்ணாக்கு. குழியின் அடியில் பூவரசங் குழையோ சீமைக்கிளுவைக் குழையோ அரை அடிக்குத் தாட்டு, மூன்று கிழமை ஆறவிட்டு நடலாம். புகையிலைக்குக் குழை தாட்டுப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றுக்குக் கன்று மூன்றடி விடுங்கள். நிழலில் இடைவெளி குறைந்தால் காற்றோடாது.

அடுப்புச் சாம்பலும் முட்டைக்கோதும் ரோசாவுக்கு நல்லது என்ற வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். இரண்டும் சுண்ணாம்புத் தன்மையைக் கூட்டுபவை. புளிப்பு மண் உள்ள மலைநாட்டில் அவை உதவலாம். ரோசா சற்றுப் புளிப்பான மண்ணை, 6 தொடக்கம் 6.5 வரையான அமிலத்தன்மை அளவை (pH), விரும்பும் செடி. சுண்ணாம்பு கூடினால் முதலில் கொழுந்தில் தெரியும். இளம் இலை மஞ்சளாக வெளுக்க, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக வலைபோல் நிற்கும். முதிர்ந்த இலை பச்சையாகவே இருக்கும். இதைத் தழைச்சத்துக் குறைவென்று நினைத்து யூரியா போடுவது வழக்கமான பிழை. தழைச்சத்துக் குறைந்தால் மஞ்சளாவது கீழே உள்ள பழைய இலைதான். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடுதலாக இருப்பது அறிந்த விடயம். அதற்கு மேல் யூரியாவும் சேர்ந்தால் நிழலில் நிற்கும் செடி மெத்தென்ற நீண்ட தளிர் விட்டு நோயைக் கூப்பிடும். வெளுத்த கொழுந்துக்குத் தேவை இரும்பு. பெரசுச் சல்பேற்றை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைச் சில நாளில் பூட்டிவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. என்ற வடிவில் பிணைத்த இரும்பு மட்டுமே இந்த மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நிலையில் தங்கும். கடையில் பொட்டலத்தைத் திருப்பி அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்.

மழைத் தண்ணீரைச் சேர்ப்பது அதைவிட மலிவான மருந்து. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கழிவு போகக் குறைந்தது ஆயிரத்து எண்ணூறு லீற்றர் கிடைக்கும். ஒரு பற்றைக்கு மூன்று நாளுக்கு ஒருதரம் ஒரு வாளி, அதாவது பத்து லீற்றர். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருதரம். காலையில், அடியில் மட்டும். சவர்த் தண்ணீர் உள்ள இடங்களில் நிலத்து நடுகையை விட்டு, 14 அங்குலச் சாடியில் மழைத் தண்ணீரோடு வளர்ப்பதுதான் வழி.

அரைநிழலின் பெரிய எதிரி கரும்புள்ளி. அதன் வித்துகள் முளைத்து இலைக்குள் இறங்க இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் நனைந்திருக்க வேண்டும். பின்னேரம் இலை நனையத் தண்ணீர் அடிப்பவர் அந்த ஏழு மணித்தியாலத்தைத் தாமே கொடுக்கிறார். புள்ளியின் ஓரம் மை ஊறியது போல் இழைஇழையாக இருக்கும், சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்கி எரியுங்கள், எருக்குழிக்குள் போட வேண்டாம். ஐப்பசி தொடங்குமுன் அடியில் இருந்து ஒரு சாண் உயரம் வரையுள்ள இலைகளை நீக்கி, மண்ணின் மேல் தென்னந்தும்போ வைக்கோலோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினால் மழைத்துளி மண்ணைத் தெறித்து இலைக்கு நோய் ஏற்றுவது குறையும். பங்கசுநாசினி அதற்குப் பிறகுதான். நிழலும் வெக்கையும் சேர்ந்த மூலையில் வெண்மூட்டுப் பூச்சியும் செதில் பூச்சியும் தடியில் ஒட்டும். பழைய பல்தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிட்டால் போதும்.

கத்தரிப்பதில் நிழற் செடிக்கு இரக்கம் காட்ட வேண்டும். வெயிலில் நிற்கும் செடியைப் பாதிக்கு வெட்டலாம். நிழலில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் இழந்த இலையைத் திரும்பக் கட்ட அதற்கு வெளிச்சம் போதாது. தை மாதத்தில் ஒருதரம், புரட்டாதியில் இலேசாக ஒருதரம். வெளிப்புறம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். மலட்டுத் தளிரைக் கண்டால் தடித்த இலை உள்ள கணு வரை கிள்ளிவிடுங்கள், அடுத்த தளிரில் மொட்டு வர வாய்ப்புண்டு. வெட்டியதில் இருந்து பூப்பதற்கு ஆறு, ஏழு கிழமை செல்லும், நிழலில் இன்னும் ஒரு கிழமை சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பூ வேண்டுமென்றால் எட்டுக் கிழமைக்கு முன் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

நாற்றுமேடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "சிவப்பு", "ரோஸ்", "டபிள் கலர்" என்று மட்டும் சொல்லி விற்காமல், கன்று வரும் இடத்திலேயே பெயரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் கொத்தாகப் பூப்பதா ஒற்றையாகப் பூப்பதா, ஒட்டா சொந்த வேரா என்ற இரண்டையாவது எழுதுங்கள். வாங்குபவர்கள் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அடியைப் பாருங்கள். அடியில் இருந்து மூன்று தடியாவது கிளம்பியிருக்கும், ஒரே கொத்தில் பூவும் மொட்டுமாக ஐந்தாறு இருக்கும் கன்றே அரைநிழலுக்கு ஏற்றது. பக்கத்து மதிலின் உட்புறத்துக்கு வெள்ளை நிறப்பூச்சு அடித்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் பற்றைக்குப் போய்ச் சேரும். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், மழையில் கரைந்து வேருக்குத்தான் இறங்கும்.

இப்படிக்கு,
பூந்தோட்ட ஆர்வலர்,
கோண்டாவில்.